கடல் சிங்கத்தின் பின்துடுப்பு வீங்கினால்: புற்றுநோய் தவறிப்போகும் இடங்கள்

பின்துடுப்பு வீங்கிய கடல் சிங்கத்தைப் பார்த்ததும் அடிபட்டிருக்கும், கிருமி ஏறியிருக்கும் என்றுதான் தோன்றும். குட்டியானால் பெரும்பாலும் அதுதான். வளர்ந்த கலிபோர்னியக் கடல் சிங்கமானால் வயிற்றை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்க்காமல் ஆன்டிபயாடிக் தொடங்கி நாளைக் கடத்தக் கூடாது. இந்த இனத்துக்கு இனப்பெருக்க உறுப்புகளில் புற்றுநோய் வருவது அதிகம்: பெண்ணுக்குக் கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும், ஆணுக்கு ஆண்குறியிலும் அதன் உறையிலும்.

கட்டி முதலில் இடுப்பு முதுகெலும்பின் அடியிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும். அவை பெருத்து நிணநீரின் பாதையை அடைப்பதால்தான் துடுப்பு வீங்குகிறது. சிறுநீர்க்குழாய் நசுங்கினால் சிறுநீரகம் உப்பி, இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும். முதுகெலும்பைத் தொட்டுவிட்டால் பின்னுடல் இழுபடும். துடுப்பு வீங்கும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

இரத்தப் பரிசோதனை மட்டும் இதைச் சொல்லாது. வெள்ளணு கூடுவதும் இரும்புச்சத்து குறைவதும் அழற்சியைக் காட்டுமே தவிர, காரணத்தைக் காட்டாது. அந்த விலங்கு நலமாக இருந்தபோது எடுத்த அளவுகள் கையில் இருந்தால்தான் சிறு மாற்றமும் கண்ணில் படும். எடையும் அப்படியே. கொழுப்புப் படலம் மெலிவை மறைத்துவிடும். கண்ணை நம்பாமல் தராசில் ஏற்றி எழுதி வைக்க வேண்டும்.

மீனைக் கொடுத்துப் பழக்கினால், மயக்க மருந்தில்லாமலே பக்கவாட்டில் படுத்து ஸ்கேனுக்கு ஒத்துழைக்கும். முடி அடர்ந்த தோலில் காற்று தங்கினால் படம் கறுத்துப்போகும், நன்றாக நனைக்க வேண்டும். ஆனால் இந்தப் பழக்கத்தை நோய் வந்தபின் தொடங்க முடியாது. பசியில்லாத விலங்குக்கு மீனால் என்ன ஆசை காட்டுவது?

உறுதிசெய்வது திசுப் பரிசோதனைதான். புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் செத்த திசுவும் சீழும்தான் வரும், ஆய்வகமும் 'அழற்சி' என்று எழுதிவிடும். நல்ல திசுவும் கெட்ட திசுவும் சேரும் விளிம்பிலிருந்து, சற்று ஆழமாக எடுக்க வேண்டும். துண்டின் தடிமன் அரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். திசுவைப்போல் 10 மடங்கு அளவுக்கு 10 சதவீத ஃபார்மலின் வேண்டும். தடித்த துண்டில் மருந்து உள்ளே இறங்குமுன் நடுப்பகுதி அழுகிவிடும். ஃபார்மலினில் போட்டதை உறைய வைக்கக் கூடாது. வைரஸ் சோதனைக்கான துண்டைத் தனியே எடுத்து உறைநிலையில் வைக்க வேண்டும்.

இந்தப் புற்றுநோயோடு ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸுக்குத் தொடர்பு உண்டு. ஆனால் கட்டியே இல்லாத விலங்குகளிடமும் அது இருக்கிறது; வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பாசிட்டிவ் என்பதை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது.

டால்பினில் புற்றுநோயைத் தேட வாயைப் பார்க்க வேண்டும். நாக்கின் அடியிலோ ஈறிலோ வாரக்கணக்கில் ஆறாத புண், கரடுமுரடான வெண்திட்டு இருந்தால் செதிள் செல் புற்றுநோயாக (வாயின் மேல்படலச் செல்களில் தோன்றுவது) இருக்கலாம். அதில் திசு எடுக்க முழு மயக்கம் கொடுப்பது லேசான காரியமல்ல: டால்பின் தன் விருப்பத்தால் மூச்சுவிடும் விலங்கு, மயங்கினால் மூச்சு நின்றுவிடும். வென்டிலேட்டரும் அதை இயக்கத் தெரிந்தவரும் இல்லாத இடத்தில், வாயைத் திறந்து காட்டப் பழகிய டால்பினிடம் மரப்பு மருந்து போட்டுச் சிறு துண்டு எடுப்பதே பாதுகாப்பு.