மோதலைக் கணக்கில் எடுக்காமலே மேக்ஸ்வெல் கண்ட விடை

அறை வெப்பநிலையில் காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் சராசரியாக நொடிக்கு 500 மீட்டருக்குச் சற்று முன்னே பின்னே பறக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் இல்லை, ஒவ்வொன்றும் நொடிக்குப் பல நூறு கோடி தடவை வேறொன்றோடு மோதித் தன் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. இதில் எந்த வேகத்தில் எத்தனை பங்கு என்று யாரால் சொல்ல முடியும்?

1859-ல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் சொன்னார், அதுவும் ஒரு மோதலைக்கூடக் கணக்குப் போடாமல். அவர் எடுத்துக்கொண்டது இரண்டே அனுமானங்கள். ஒரு மூலக்கூறு கிழக்கு மேற்காக எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது, அது மேலும் கீழுமாக எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது; ஆகவே மூன்று திசைகளுக்கான நிகழ்தகவுகளைப் பெருக்கிக்கொள்ளலாம். அடுத்தது, எந்தத் திசைக்கும் தனிச் சலுகை கிடையாது. ஆகவே விடை மொத்த வேகத்தை மட்டுமே பொறுத்தது, அதன் வர்க்கமோ பிதாகரஸ் விதிப்படி மூன்று திசைவேகங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது.

சரி, பெருக்கினால் உள்ளே இருப்பவை கூடிக்கொள்ள வேண்டும். அப்படி நடந்துகொள்வது எது? 2-ன் 3-ஆம் அடுக்கை 2-ன் 5-ஆம் அடுக்கால் பெருக்கினால் 8-ஆம் அடுக்கு வருகிறதே, அதுதான்: அடுக்குக்குறிச் சார்பு. வேகம் கூடக்கூட நிகழ்தகவு குறைந்தாக வேண்டும் என்பதால் அடுக்கில் வேகத்தின் வர்க்கம் எதிர்க்குறியோடு உட்காருகிறது. ஒவ்வொரு திசையின் வேகத்துக்கும் கிடைப்பது மணி வடிவ வளைவு, அதன் அகலத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. இயற்பியலில் இவ்வளவு குறைந்த முதலுக்கு இவ்வளவு பெரிய வரவு தந்த வாதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனாலும் முதல் அனுமானம் உறுத்துகிறது: திசைகள் ஒன்றையொன்று சாராதவை என்று எதை வைத்துச் சொல்வது? மேக்ஸ்வெலுக்கே அது திருப்தியாக இல்லை, பிறகு மோதல்களிலிருந்தே அதே விடையை வருவித்தார். 1872-ல் ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மேன் இன்னும் மேலே போய், மோதல்களால் வாயு எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதி, எந்த நிலையில் தொடங்கினாலும் வாயு இந்தப் பரவலை நோக்கித்தான் நகரும், திரும்பிப் போகாது என்று காட்டினார்.

அங்கேதான் இன்னொரு இயற்பியலாளர் லோஷ்மிட் 1876-ல் பிடித்தார். நியூட்டனின் விதிகளில் காலத்துக்கு முன், பின் என்ற பேதமே இல்லை. எல்லா மூலக்கூறுகளின் வேகத்தையும் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால் வாயு வந்த வழியே போகவேண்டுமே, அப்புறம் 'திரும்பாது' என்பது எங்கிருந்து வந்தது?

மோதப்போகும் இரண்டு மூலக்கூறுகளுக்குள் முன்தொடர்பு எதுவும் இல்லை என்ற அனுமானத்திலிருந்து. மோதிய பிறகு தொடர்பு உண்டாகிவிடுகிறது, போல்ட்ஸ்மேனின் சமன்பாடோ மோதலுக்கு முந்தைய பக்கத்தில் மட்டும் தொடர்பை மறுக்கிறது. ஒருவழிப் பாதை நுழைந்த இடம் அதுதான்.

இந்த அனுமானத்தை நியூட்டனின் விதிகளிலிருந்தே கறாராக நிரூபிக்க முடியுமா என்றால், 1975-ல் கணிதவியலாளர் லான்ஃபோர்ட் மிக அடர்த்தி குறைந்த வாயுவுக்கு நிரூபித்தார். ஆனால் அது செல்லுபடியாகும் கால அளவு, ஒரு மூலக்கூறு அடுத்தடுத்த இரண்டு மோதல்களுக்கு இடையே எடுத்துக்கொள்ளும் சராசரி நேரத்தில் ஒரு பகுதிதான். அதற்குள் பெரும்பாலான மூலக்கூறுகள் ஒரு தடவைகூட மோதியிருக்காது.