ஸ்கொயர் செய்யும் முன் குறியைப் பாருங்கள்

பதினோராம் வகுப்பு 'அடிப்படை இயற்கணிதம்' பாடத்தில், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே மார்க்கைக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மயிலாப்பூரில் டியூஷன் எடுக்கும் எனக்கு அதை வருஷா வருஷம் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன். அசமன்பாட்டில் ரூட்டோ மாடுலஸோ (|x| போல, குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுப்பது) கண்ணில் பட்டால் போதும், இரண்டு பக்கமும் ஸ்கொயர் செய்யக் கை தானாகப் போய்விடுகிறது.

√(x + 7) > x − 5 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்கொயர் செய்து சுருக்கினால் x² − 11x + 18 < 0. காரணிப்படுத்தினால் (x − 2)(x − 9) < 0. விடை 2 < x < 9 என்று எழுதிக் கோடும் போட்டுவிடுவார்கள்.

சரி, x = −3 போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் √4, அதாவது 2. வலப்பக்கம் −8. அசமன்பாடு பொருந்துகிறதே, −3 மட்டும் ஏன் விடையில் இல்லை?

2 > −8 உண்மை. ஸ்கொயர் செய்தால் 4 > 64, அது பொய். இரண்டு பக்கமும் பூஜ்யமாகவோ மிகை எண்ணாகவோ இருந்தால்தான் ஸ்கொயருக்குப் பிறகும் பெரியது பெரியதாகவே நிற்கும். ரூட் குறை எண் ஆகாது, x − 5 ஆகலாம். அதனால் முதலில் ரூட்டுக்குள் இருப்பதைப் பாருங்கள்: x ≥ −7. அப்புறம் x < 5 என்றால் வலப்பக்கம் குறை எண், ஸ்கொயரே தேவையில்லை, எல்லாமே விடைதான். x ≥ 5 என்றால் தாராளமாக ஸ்கொயர் செய்யலாம், 5 ≤ x < 9 கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் −7 ≤ x < 9.

மாடுலஸிலும் இதே கதைதான். |x − 3| > 2x என்பதை ஸ்கொயர் செய்தால் −3 < x < 1 வரும். சரியான விடை x < 1. இரண்டு பக்கமும் மாடுலஸ் இருந்தால் பயமில்லை.

ஜேஇஇ மெயின் தேர்வின் நான்கு விருப்பக் கேள்வியில் சரியான விடைக்கு 4 மார்க், தவறினால் 1 போய்விடும். அவசரத்தில் வரும் அந்த அரைகுறை விடையே ஒரு விருப்பமாக அங்கே உட்கார்ந்திருக்கலாம். வேகம், வேகம் என்று பிள்ளைகளை விரட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். விடை வந்ததும், அதற்கு வெளியே இரண்டு ஓரத்திலும் ஒவ்வோர் எண்ணை எடுத்து முதல் வரியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே உள்ள ரூட் கணக்கில் −3, 10 இரண்டும் போதும்: 10 பொருந்தாது, −3 பொருந்திவிடும். உடனே பிள்ளையே திரும்பிப் போய்க் குறியைப் பார்க்கும்.