அக்கா தங்கைக்கு ‘ஹேவிங்’ போடாதீர்கள்

போன வாரம் மாதிரி நேர்காணலுக்கு ஒரு தம்பி வந்தார். பி.இ. மெக்கானிக்கல், நல்ல மார்க், கூச்சமில்லாத பேச்சு. உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்: “ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.” அடுத்து பைக், அதற்கும் ஹேவிங். “மை ஹவுஸ் இஸ் ஹேவிங் த்ரீ ரூம்ஸ்.” ஏழு வரை எண்ணிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அன்றைக்கு அவர் ஐந்தாவது ஆள்.

தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் கிடையாது. அது குறையும் இல்லை. இந்தியிலும் ரஷ்ய மொழியிலும்கூட ‘என்னிடம் இருக்கிறது’ என்கிற பாணிதான். எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க, என்கிட்ட பைக் இருக்கு, வீட்ல மூணு ரூம் இருக்கு. நாம் ‘கு’, ‘கிட்ட’, ‘ல’ என்று மாற்றி மாற்றிப் போடுவதை ஆங்கிலம் ஒரே ஹேவில் முடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

என்னைக் கடுப்பேற்றுவது வேறு. “இப்பவும் இருக்குதே மேடம், அப்போ ‘இங்’ வரணும்ல?” வகுப்புக்கு வகுப்பு இதே கேள்வி. பள்ளியில் ‘இஸ் கமிங்’ என்றால் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று உருப்போட வைத்தார்கள். அதிலும் ஒரு ‘இருக்கிறது’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அன்றிலிருந்து எங்கே ‘இருக்கு’ வந்தாலும் வாய் தானாக ‘இங்’ போடுகிறது என்பது என் சந்தேகம். தம்பி, அக்கா இருப்பது ஒரு வேலையா? காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து நடுவில் டீ குடிக்க நிறுத்துவீர்களா? பைக் உங்களுடையது, நீங்கள் தூங்கும்போதும் உங்களுடையதுதான்.

இலக்கணப் புத்தகத்தை விடுங்கள், தமிழ்க் காதை நம்புங்கள். ‘எனக்கு ரெண்டு அக்கா இருந்துட்டிருக்காங்க’ என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அப்போ ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ். ‘சாப்பிட்டுட்டிருக்கேன்’ என்போமா? என்போம். அப்போ ஐ ஆம் ஹேவிங் லஞ்ச். காபி குடிப்பது, குளிப்பது, அரட்டை, மீட்டிங் எல்லாம் ஹேவ் போட்டுச் சொல்லும் செயல்கள். நடந்துகொண்டிருந்தால் தாராளமாக ஹேவிங் போடலாம்.

சில இடத்தில் பொருளே புரண்டுவிடும். என் மாணவர் ஒருவர், தன் அக்காவுக்கு ஒரு வயதுக் குழந்தை இருப்பதைச் சொல்ல நினைத்து, “மை சிஸ்டர் இஸ் ஹேவிங் எ பேபி” என்றார். இணையவழி நேர்காணலில் எதிரே இருந்த வெளிநாட்டுக்காரர் வாழ்த்துச் சொல்லி, பிரசவம் எப்போது என்று கேட்டாராம்.

இதைக் கேலி செய்தே வீடியோ போட்டுப் பிழைக்கிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நம் ஆபீஸில் நமக்குள் ‘ஹேவிங்’ புரியாமல் போவதில்லை. ஆனால் வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கணம். முதல் 4–5 நிமிடம் கேட்பதே வீடு, ஊர், வேலை, படிப்பு மாதிரி விஷயங்கள். அத்தனையும் ‘இருக்கு’ நடமாடும் இடம். அங்கே ஏன் மார்க்கைக் கோட்டை விடுகிறீர்கள்?

ஆகவே: குடும்பம், சொத்து, அனுபவம், டிகிரி எதற்கும் ‘இங்’ வேண்டாம். ‘ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’, முடிந்தது. தலைவலிக்கும் ‘ஐ ஹேவ் எ ஹெடேக்’ போதும். மாத்திரைக்கு ‘டேக்’ என்றே பழகுங்கள். ‘டஸ்’ வந்த இடத்தில் ‘ஹேஸ்’ வராது. ‘டஸ் ஷி ஹேவ்’தான். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை போயிற்று.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். நேர்காணலில் வாய் தவறி ‘ஹேவிங்’ வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு “சாரி, சாரி” என்று நிற்காதீர்கள். அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள்.