ரயில்வே கேட்டில் அடிபட்டவருக்கு என்ன கிடைக்கும்? கேட் திறந்திருந்ததா என்பதுதான் கேள்வி

கேட்டைக் கடக்கும்போது ரயில் மோதி ஒருவர் இறந்துபோனால், ஆஸ்பத்திரி வாசலிலேயே யாராவது ஒருவர் "எட்டு லட்சம் வரும்" என்று சொல்லிவிடுவார். அந்த எட்டு லட்சம் நடந்துபோனவருக்கு இல்லை. ரயில்வே சட்டம் (1989) 124, 124ஏ பிரிவுகளின் கீழ், ரயில் விபத்தில் இறந்த பயணிக்கும் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்த பயணிக்கும் உள்ள இழப்பீடு அது. இறந்தவரின் சட்டைப்பையில் சீசன் டிக்கெட் இருந்தாலும், "அவர் ரயிலிலிருந்து விழவில்லையே, தண்டவாளத்தைத்தானே கடந்தார்" என்று ரயில்வே வக்கீல் கேட்பார். பெரும்பாலான வழக்குகள் அங்கேயே படுத்துவிடும்.

நடந்துபோனவருக்கு உள்ளது கருணைத்தொகை, அதாவது வழக்கில்லாமல் ரயில்வே தானே தரும் பணம். 2023 செப்டம்பரில் ரயில்வே வாரியம் உயர்த்திய கணக்குப்படி, இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், லேசான காயத்துக்கு 50,000 ரூபாய். உடனடி உதவியாக 50,000 வரை ரொக்கமாகவும் மீதியை வங்கி வழியாகவும் தரலாம். பின்னால் வழக்குப் போட்டு கோர்ட் இழப்பீடு கொடுத்தால், இந்தத் தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் இதை வாங்கினால் வழக்கே போட முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கேட்டில் ஆள் இருக்க வேண்டும். தவறு ரயில்வேயுடையது என்று முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். ஆளில்லா கேட்டில் அடிபட்டவருக்கும், அத்துமீறி நுழைந்தவருக்கும், மேல்மின்கம்பியில் அடிபட்டவருக்கும் கிடையாது என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. மூடிய கேட்டுக்குக் கீழே குனிந்து நுழைந்தால் அது அத்துமீறல். 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊரே தினமும் குனிந்துதான் போகிறது என்பதெல்லாம் அந்த ஃபைலில் ஏறாது.

எல்லாம் முதல் நாள் காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. ரயில் ஓட்டுநர் அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வார். ஸ்டேஷன் மாஸ்டர் ரயில்வே போலீசுக்கு ஒரு மெமோ எழுதுவார். "இந்தக் கிலோமீட்டரில் அத்துமீறிக் கடந்தவர் அடிபட்டார்" என்று இரண்டு வரி. கேட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்ற பேச்சே அதில் பெரும்பாலும் இருக்காது. அந்த வரி அப்படியே எஃப்.ஐ.ஆரில் ஏறும், அங்கிருந்து பிரேத விசாரணை அறிக்கைக்குப் போகும். ஆறு மாதம் கழித்து நீங்கள் மனு கொடுக்கும்போது, "போலீஸ் ரெக்கார்டே அத்துமீறல்னுதான் சொல்லுது" என்று அதையே உங்களிடம் காட்டுவார்கள்.

பிரேத விசாரணையின்போது உறவினரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அழுகையோடு அழுகையாகப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்து, "கேட் திறந்திருந்தது, கட்டை இறங்கவே இல்லை" என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த சாட்சியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். "மன உளைச்சலில் இருந்தார்" என்ற வரி இருந்தால், அது உண்மையில்லாத பட்சத்தில் அப்போதே அடிக்கச் சொல்லுங்கள். தற்கொலை என்ற நிழல் விழுந்தால் விபத்து இன்ஷூரன்ஸ் பணமும் போய்விடும்.

எஃப்.ஐ.ஆர். எந்தப் பிரிவில் பதிவாகிறது என்பதையும் பாருங்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194 மட்டும் போட்டால் அது இயற்கைக்கு மாறான மரணம். யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. கேட் திறந்திருந்து ரயில் வந்ததென்றால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 106-ஐச் சேர்க்கக் கேட்டு எழுத்தில் புகார் கொடுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில்தான் அலைக்கழிப்பு தொடங்கும். ஆர்.பி.எஃப். ரயில்வேயின் சொந்தக் காவல் படை, இந்த எஃப்.ஐ.ஆர். அவர்கள் வேலை இல்லை. மாநில அரசின் ரயில்வே போலீஸ், அதாவது ஜி.ஆர்.பி.தான் விசாரிக்கும். சம்பவம் ரோட்டில் என்று ஜி.ஆர்.பி. சொல்லும், தண்டவாளத்தில் என்று உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன் சொல்லும். எந்த எல்லையாக இருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173 சொல்கிறது, அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணையும் கேட்டில் எழுதியிருக்கும் எல்.சி. (லெவல் கிராசிங்) எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

கேட் எந்த வகை என்பதும் முக்கியம். இன்டர்லாக் செய்த கேட்டில், கட்டை இறங்கிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். சிக்னல் கொடுத்த பிறகு ரயில் கடக்கும்வரை கேட் கீப்பர் நினைத்தாலும் சாதாரணமாகத் திறக்க முடியாது. (ஹார்ன் அடித்து அவரைத் திட்டுவதில் பயனில்லை.) இன்டர்லாக் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசி ஒரு ரகசிய எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. 2025 ஜூலை 8-ல் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட கேட்டில்தான். அதற்குப் பிறகு எல்லாக் கேட்டிலும் சிசிடிவி வைக்க உத்தரவானது.

எனவே உங்களுக்கு வேண்டிய ஆதாரம் மூன்று: கேட் ரிஜிஸ்டர், ரகசிய எண் பதிவு, போன் உரையாடல் அல்லது சிசிடிவி பதிவு. முதலிரண்டும் காகிதம், இருக்கும். மூன்றாவது அழிந்துவிடும். அதனால் ஆர்.டி.ஐ. போட்டுவிட்டு முப்பது நாள் காத்திருக்காதீர்கள். அதே வாரத்தில் கோட்ட மேலாளருக்கு, "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த எல்.சி. எண்ணின் பதிவுகளை அழிக்காமல் வைக்கவும்" என்று ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். பத்து ரூபாய் ஆர்.டி.ஐ. மனு அதன்பின் போகட்டும். கோட்டத்தைத் தப்பாக எழுதினால் பதில் வரவே ஒரு மாதம் போகும்: பொள்ளாச்சி பாலக்காடு கோட்டம், நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டம். மாவட்டத்தை வைத்து ஊகிக்காமல் ஸ்டேஷனில் கேளுங்கள்.

கருணைத்தொகை மறுக்கப்பட்டால், அல்லது போதவில்லை என்றால், அடுத்தது சிவில் கோர்ட். 1855-ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்தின்படி, இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ன் கீழ் தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு இரண்டு மாத நோட்டீஸ். இங்கே பெரிய பள்ளம் ஒன்று உண்டு. கமிஷன் பேசும் சிலர் இந்த வழக்கையும் ரயில்வே தீர்ப்பாயத்தில் போட்டுவிடுவார்கள். மூன்று வருடம் கழித்து, "இது பயணி வழக்கு இல்லை" என்று தள்ளுபடி ஆகும்போது சிவில் கோர்ட் கெடுவும் தாண்டியிருக்கும். தவறான இடத்தில் கழிந்த காலத்தைக் கழிக்கச் சொல்லி வாதாடலாம், ஆனால் அதை நம்பி உட்காரக்கூடாது. இறந்தவர் வேனிலோ ஆட்டோவிலோ இருந்திருந்தால் பாதை வேறு: மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். அங்கே ரயில்வேயையும் சேர்க்கலாம். மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். மனுதாரர் பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்றிதழ் கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவைக் காட்டுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இன்னொன்று என்று இருந்தால் அதற்கே இரண்டு மாதம் ஓடும்.

கேட் மூடியிருந்தது, குனிந்துதான் போனார் என்றால் ரயில்வேயிடம் மல்லுக்கட்டுவதை விட வங்கிக்குப் போவது மேல். வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் இருந்தாரா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். மே மாதக் கடைசியில் அந்தப் பிடித்தம் பதிவாகியிருக்கும். வயது 18 முதல் 70 வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். முப்பது நாளுக்குள் கிளெய்ம் படிவத்தை வங்கியில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். படிவத்தைக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பின்னால் சேர்க்கலாம்.

மேம்பாலம் கட்டிக் கேட்டை நிரந்தரமாக மூடிய ஊர்களில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. ஐம்பது வருடம் நடந்த வழி, மூடிய மறுநாளே அத்துமீறல் ஆகிவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் அடிபட்டால் ரயில்வேயிடமிருந்து மேலே சொன்ன எதுவும் கிடையாது. மூடும் முன் கலெக்டரின் சம்மதம் கேட்கப்படும். நடந்துபோக சுரங்கப்பாதை வேண்டும் என்ற மனுவை அப்போதே, அதுவும் பஞ்சாயத்துத் தீர்மானத்தோடு கொடுக்க வேண்டும்.

கேட்டில் காத்திருப்பவர்கள் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்ளலாம். தண்டவாள இடைவெளி 1.676 மீட்டர், பெட்டியின் அகலம் ஏறக்குறைய 3.25 மீட்டர். இரண்டு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வரும். தண்டவாளத்திலிருந்து ஓரடி தள்ளி நிற்பவர் உண்மையில் ரயிலுக்குள்தான் நிற்கிறார். 110 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடியில் முப்பது மீட்டர் வரும். ரயில் போய்விட்டது, கட்டை ஏறவில்லை என்றால், இரட்டைப் பாதையில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; முதல் ரயிலின் சத்தத்தில் அது காதில் விழாது.