கிதாரை நனைத்த ஸ்பிரிங்

ஒரே மெட்டை இரண்டு முறை பதிவுசெய்து, இரண்டு முறையும் வெற்றி கண்ட குழு வென்ச்சர்ஸ். அமெரிக்காவின் டகோமா நகரத்தில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த பாப் போகிளும் டான் வில்சனும் 1958-இல் தொடங்கியது. ஜாஸ் கலைஞர் ஜானி ஸ்மித்தின் ‘வாக், டோன்ட் ரன்’ என்ற மெட்டை அவர்கள் 1960-இல் வாசித்தார்கள். அது அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம்வரை ஏறியது. அதையே 1964-இல் மறுபடி வாசித்தபோது 8-ஆம் இடம்.

முதல் பதிவில் கிதாரின் சுரங்கள் உலர்ந்து, மணி மணியாக விழுகின்றன. இரண்டாவதில் கிதார் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பும் மாறியிருக்கிறது என்றாலும் காதில் முதலில் படுவது அந்த ஈரம்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கலிஃபோர்னியக் கடற்கரையில் சர்ஃப் இசை, அதாவது அலைச்சறுக்கு இளைஞர்களின் கிதார் இசை, பரவியிருந்தது. ஆனால் அந்த இசை பிறக்கும்போதே ஈரத்தோடு பிறக்கவில்லை. சர்ஃப் கிதார் கலைஞர் டிக் டேல் 1961-இல் வெளியிட்ட ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’ உலர்ந்த ஒலிதான். அதே ஆண்டு கிதார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம், ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் கருவியைத் தனிப் பெட்டியாக விற்கத் தொடங்கியது. அப்புறம்தான் கிதார்கள் நனைந்தன.

பெட்டிக்குள் இருப்பது மெல்லிய ஸ்பிரிங்குகள். தொலைதூரத் தொலைபேசி அழைப்பில் குரல் தாமதமாக வருவதைச் சோதித்துப் பார்க்க பெல் ஆய்வகம் உருவாக்கிய உத்தி இது. ஹாமண்ட் நிறுவனம் அதைத் தன் ஆர்கன்களில் பொருத்தியது. ஃபெண்டர் அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

கிதாரிலிருந்து வரும் மின்சைகை ஒரு கம்பிச்சுருளுக்குள் பாய்கிறது. அதன் காந்தப்புலம், ஸ்பிரிங்கின் முனையில் ஒட்டியிருக்கும் குட்டிக் காந்தத்தை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. ஈரத்துணியை ஒரு முனையில் முறுக்கினால் முறுக்கு மறுமுனைக்கு நகர்கிறதல்லவா, அதுபோல அந்தத் திருகல் ஸ்பிரிங் வழியே ஓடுகிறது. ஸ்பிரிங் பார்வைக்கு ஒரு முழ நீளம்தான். ஆனால் அலை சுருள் சுருளாகச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் மறுமுனை சேர ஏறக்குறைய 30, 40 மில்லிநொடி ஆகிவிடும். அங்கே இன்னொரு காந்தமும் சுருளும் அதைத் திரும்ப மின்சைகையாக்கும். அலையில் ஒரு பங்கு எதிரொலித்துத் திரும்பும், மறுபடி வரும், தேய்ந்துகொண்டே போகும். ஸ்பிரிங்குகளின் தாமதம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் எதிரொலிகள் ஒரே தாளத்தில் விழாமல் கலைந்து பரவும்.

சரி, பெரிய மண்டபத்திலும் எதிரொலி உண்டே, அங்கே ஏன் இந்த ஈரம் வருவதில்லை? காற்றில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பயணிக்கும். ஸ்பிரிங்கில் அப்படியில்லை: கனத்த சுரம் முந்திக்கொள்ளும், கூர்மையான சுரம் பின்தங்கும். அதனால் ‘டக்’கென்று விழுந்த ஒலி மறுமுனையில் கீழிருந்து மேலே இழுபட்ட ‘ட்யூப்’ ஆகிறது. தண்ணீர் சொட்டுவது போலக் கேட்பது அதுதான். கிதார் கலைஞர்கள் உள்ளங்கையால் தந்தியை அழுத்திப் பிடித்து வெடுக்கென்று மீட்டுவதும் இதற்காகவே. தந்தியின் ஒலி உடனே அடங்கிவிட, ஸ்பிரிங்கின் ஒலி மட்டும் தனியாகக் கேட்கும். ஃபெண்டர் பெட்டியில் ‘டுவெல்’ என்று ஒரு திருகு இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக உலுக்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதைக் கூட்டக் கூட்டச் சொட்டும் கூடும்.

மேடையில் யாராவது அந்தப் பெட்டியைக் காலால் இடித்துவிட்டால் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி, ஒலிபெருக்கியில் இடி விழுந்தது போல அதிரும். சிலர் அந்த இடிக்காகவே வேண்டுமென்று உதைப்பதும் உண்டு.