பிரிண்ட் தாமதமாக வருகிறதா? புதுப் பிரிண்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் வட்டாரத்துப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். பல கணினிகளுக்குப் பொதுவாக ஒரே பிரிண்ட் சர்வர் (எல்லோருடைய பிரிண்ட் வேலைகளையும் வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் கணினி) இருக்கும் இடங்களில் நான் அடிக்கடி கேட்பது, "பிரிண்டர் பழசாயிடுச்சுங்க சார், புதுசு வாங்கிரலாங்களா?" என்பதுதான். பெரும்பாலும் பிரிண்டர் நன்றாகவே இருக்கும். தாமதம் எந்தக் கட்டத்தில் ஏற்படுகிறது என்று பார்க்காமல் செலவழிக்கப்படும் பணத்தைக் காணும்போது வருத்தமாக இருப்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழ் வழியிலும் மலையாள வழியிலும் வகுப்புகள் நடக்கும் ஒரு பள்ளியில், தேர்வுக்கு முந்தைய வாரம் நான்கு பக்க வினாத்தாள் ஒன்று வெளிவர ஏழு நிமிடத்துக்கு மேல் ஆனது. சர்வரை மாற்ற வேண்டும், அதற்கு ராம் (நினைவகம்) கூட்ட வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். நான் முதலில் அலுவலகக் கணினியில் நோட்பேடைத் திறந்து ஒற்றை வரி தட்டிப் பிரிண்ட் கொடுத்தேன். சில விநாடிகளில் தாள் வந்துவிட்டது. பிறகு அதே வினாத்தாளைச் சர்வரிலேயே திறந்து பிரிண்ட் கொடுத்தபோது, அங்கும் அதே ஏழு நிமிடம் பிடித்தது. இந்த இரண்டு சோதனைகளும் பாதி விடையைத் தந்துவிட்டன: பிரிண்டரின் இயந்திரப் பகுதியில் குறையில்லை, கணினிக்கும் சர்வருக்கும் இடையிலான வழியிலும் குறையில்லை. கோப்பின் அளவிலோ, சர்வரிலிருந்து பிரிண்டருக்குச் செல்லும் வழியிலோதான் சிக்கல் இருக்க வேண்டும்.

உண்மையில் இரண்டிலுமே இருந்தது.

சர்வரில் பிரிண்டுக்குக் காத்திருக்கும் வேலைகள் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் உள்ள ஸ்பூல் என்ற இடத்தில் தற்காலிகமாகச் சேமிக்கப்படும். அங்கே அந்த வினாத்தாளின் கோப்பு ஏறத்தாழ 300 எம்.பி. இருந்தது. விசாரித்தபோது காரணம் புரிந்தது. மலையாளப் பகுதியை ஓர் ஆசிரியர் யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத அலுவலகக் கணினியில் அது குப்பை எழுத்துகளாகத் தெரிந்திருக்கிறது. அதனால் வீட்டில் பிரிண்ட் எடுத்த தாளை 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படமாக ஒட்டி அனுப்பியிருக்கிறார். தமிழ்ப் பகுதியும் அப்படியே வந்திருந்தது. இரு மொழியில் வேலை நடக்கும் நம் எல்லைப் பகுதியில் இந்தப் பழக்கம் பரவலாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எழுத்து சிதையாமல் போய்ச் சேர அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அந்த வழியின் சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 600 டி.பி.ஐ.யில் ஒரு ஏ4 பக்கம் என்பது சுமார் 3.5 கோடி புள்ளிகள். முழு வண்ணத்தில், சுருக்குவதற்கு முன், அது 100 எம்.பி.யைத் தாண்டும். அதே பக்கத்தை 300 டி.பி.ஐ.யில் வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் 1 எம்.பி. அளவே வரும். வினாத்தாளுக்கு இதுவே தாராளம். இதைவிட நல்லது, தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்வது. விண்டோஸுடன் வரும் நிர்மலா யூஐ எழுத்துருவில் தமிழும் மலையாளமும் இரண்டும் இருப்பதால், ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் சிதைவதில்லை.

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, பக்கத்தைப் பிரிண்டருக்கு ஏற்ற வடிவில் மாற்றும் வேலையை, அமைப்பை நாமாக மாற்றாத வரையில், பிரிண்ட் கொடுக்கும் கணினிதான் செய்கிறது. சர்வர் பெரும்பாலும் வரிசையில் வைத்து அனுப்பி வைக்கிறது. ஆகவே அந்தப் பள்ளி சர்வருக்கு ராம் கூட்டியிருந்தால் ஒரு விநாடிகூட மிச்சமாகியிருக்காது.

இரண்டாவது சிக்கல் பிரிண்டரின் நெட்வொர்க் அமைப்பில் இருந்தது. யாரோ முன்பு அதன் மெனுவில் இணைப்பு வேகத்தை 10 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 10 மெகாபிட்; 8 மெகாபிட் சேர்ந்தது 1 எம்.பி.), முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு செல்வது) என்று நிலையாக வைத்துவிட்டிருந்தார்கள். வலையமைப்பில் கருவிகளை இணைக்கும் பெட்டியான சுவிட்ச், இவற்றைத் தானே தேர்ந்தெடுக்கும் தானியங்கி நிலையில் இருந்தது. ஒரு பக்கம் நிலையாகவும் மறுபக்கம் தானியங்கியாகவும் இருந்தால், தானியங்கிப் பக்கம் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸை அறிய முடியாமல் அரை டூப்ளெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) எடுத்துக்கொள்ளும். அதன்பின் தரவு மோதி, மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். 10 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 300 எம்.பி. போய்ச்சேர எந்தத் தடையும் இல்லாவிட்டாலே நான்கு நிமிடம் தேவை. இரு பக்கத்தையும் தானியங்கிக்கு மாற்றியதும் இணைப்பு 100க்கு உயர்ந்தது. கோப்பையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிய பிறகு வினாத்தாள் அரை நிமிடத்துக்குள் வந்தது.

வேறு இடங்களில் வேறு காரணங்கள் இருக்கலாம். பிரிண்டர் டபிள்யூ.எஸ்.டி. போர்ட்டில் (விண்டோஸ் பிரிண்டரைத் தானே கண்டுபிடித்து இணைக்கும் முறை) இணைந்திருந்தால், அதை நிலையான ஐ.பி. முகவரி (வலையமைப்பில் பிரிண்டரின் எண் முகவரி) கொண்ட டி.சி.பி./ஐ.பி. போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் இது மட்டுமே பலமுறை போதுமானதாக இருந்திருக்கிறது. எல்.பி.ஆர். போர்ட்டில் (பிரிண்டருக்கு வேலை அனுப்பும் ஒரு பழைய முறை) பைட் எண்ணும் வசதி இயங்கினால், முழுக் கோப்பையும் எண்ணி முடித்த பிறகே அனுப்பத் தொடங்கும். சர்வரின் சி டிரைவ் நிறைந்திருக்கிறதா, ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஸ்பூல் கோப்பையும் பிடித்து வைத்துச் சோதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நோட்பேடு வரியே தாமதமாக வந்தால் மட்டும் பிரிண்டரின் பக்கம் திரும்புங்கள்: தாள் வகை தடித்த தாள் என்று இருந்தால் அது வேண்டுமென்றே மெதுவாக ஓடும்.

பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலர் என்ற விண்டோஸ் சேவையை நிறுத்தி, கோப்புகளை அழித்து, மறுபடி தொடங்குவதை மருந்தாகக் கருத வேண்டாம். சிக்கிய ஒரு வேலையை அகற்ற அது உதவும். ஆனால் வரிசையில் உள்ள மற்றவர்களின் வேலையும் அதோடு போய்விடும், காரணமோ அப்படியே இருக்கும். அதைவிட முக்கியமானது: 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு, பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நிறுவ நிர்வாகி அனுமதி தேவை என்று மைக்ரோசாஃப்ட் கட்டுப்படுத்தியது. அது தொந்தரவாக இருக்கிறதென்று அந்தக் கட்டுப்பாட்டை யாராவது நீக்கித் தருவதாகச் சொன்னால், சம்மதிக்காதீர்கள். டிரைவரை நிர்வாகியைக் கொண்டு ஒருமுறை முறையாக நிறுவிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கணினிக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.