பொடித்த நிலாவாரையை எப்படி அடையாளம் காண்பது?

பாரிமுனை அருகே ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடி வாங்குவோர் அதிகம். ஆவாரை இதற்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் மஞ்சள் பூதான். ஆனால் நிலாவாரை இலை நுனி கூர்மையாகவும் ஆவாரை இலை நுனி மழுங்கியும் இருப்பதால் செடியாகப் பார்த்தால் பிரித்துவிடலாம். அரைத்த பிறகு அந்த வடிவம் போய்விடும், செல்களின் அமைப்பு போகாது.

பொடியைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் சூடாக்கினால் பச்சையம் நீங்கித் துணுக்குகள் தெளிந்துவிடும். அப்புறம் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியதுதான். நிலாவாரையின் இலைத்துளைக்கு (இலை காற்று வாங்கும் நுண்துளை) இருபுறமும், துளைக்கு இணையாக, இரண்டு துணைச் செல்கள் படுத்திருக்கும். ரோமங்கள் ஒற்றைச் செல்லால் ஆனவை. சுவர் தடித்து, மேலே சிறு பருக்களோடு இருக்கும். நரம்பை ஒட்டிய நார்களின் மேல் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வரிசைகட்டி நிற்கும். பல இலைகளில் மேல்பக்கம் மட்டுமே இருக்கும் வேலிக்கால் செல்கள் (ஒளியில் உணவு தயாரிக்கும் நீண்ட செல்கள்) இதில் இரு பக்கமும் உண்டு.

திருநெல்வேலி நிலாவாரையையும் எகிப்து, சூடான் பக்கத்து அலெக்சாந்திரியா நிலாவாரையையும் பிரிப்பதுதான் கடினம். மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் இரண்டிலும் உண்டு. இங்கே எண்ணித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை இலைத்துளை என்று எண்ணினால் ஏமாந்துவிடுவோம். இலை வளரும்போது செல்கள் பெருத்து, துளைகள் விலகிப்போகும். பிரிட்டிஷ் தாவரவியலாளர் சாலிஸ்பரி 1927-இல் சொன்ன வழி, புறத்தோல் செல்கள், துளைகள் ஆகியவற்றின் மொத்தத்தில் துளைகள் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது. செல்கள் பெருத்தாலும் இந்த விகிதம் அதிகம் மாறாது. அலெக்சாந்திரியா இலையில் இது ஏறத்தாழ 11 முதல் 13, திருநெல்வேலி இலையில் 17 முதல் 20. இன்று தாவரவியலாளர் பலர் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள். சந்தையில் இரண்டும் தனித்தனிப் பெயரில் விற்கும்வரை இந்த எண்கள் தேவைதான் என்பது என் கருத்து.

நீர் கடத்தும், குழிகள் கொண்ட அகன்ற மரக்குழாய்த் துண்டுகள் நிறையத் தென்பட்டால் தண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள். ஆவாரை கலந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனையும் உண்டு: 80 சதவீதக் கந்தக அமிலம் பட்டால் ஆவாரைப் பொடி கருஞ்சிவப்பாகும். ஆவாரை இலை நிலாவாரைபோல் மலமிளக்காது. ஆகவே கலப்படத்தில் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

அரும்பாக்கத்தில் உள்ள சித்த மருத்துவ மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்படிப்பட்ட மூலிகை ஆய்வுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பொடி எந்தச் செடியுடையது என்பதை நுண்ணோக்கி சொல்லிவிடும். அதில் மலமிளக்கும் சென்னோசைடு எவ்வளவு என்பதை வேதியியல் ஆய்வுதான் சொல்லும்.